'முற்றும்' போட நாம் யார்?

2024-ம் வருஷம் ஒரு மாலை. என் வீட்டுக்கு அடிக்கடி வருகிற இளைய நண்பர் ஒருவர், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "சார், அந்தச் செக்காரர் இன்னும் விட்டபாடில்லை சார். அம்பத்திரண்டு வயசு ஆச்சு. கௌரவமா ஒதுங்கியிருக்க வேண்டாமா?" என்று ஆரம்பித்தார்.

நண்பர் விளையாட்டுச் செய்திகளைக் கரைத்துக் குடித்தவர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ தம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் அனுமதியில்லாமல் படுத்துக் கிடக்கிறார் என்பது போன்ற கோபம் அவர் குரலில் இருந்தது. கைபேசியில் ஒரு படத்தையும் காட்டினார். பனித்தளத்தில் இருபது வயதுப் பையன்கள் கழுகு மாதிரி வந்து வந்து போகிறார்கள். நடுவே தாடி நரைத்த பெரிய மனிதர் ஒருவர், யாருடைய அவசரத்துக்கும் தாம் பொறுப்பில்லை என்பது போல மெதுவாகச் சறுக்கிக்கொண்டிருக்கிறார். முதுகில் 68 என்ற எண்.

"இதைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு சார்" என்றார் நண்பர்.

"கஷ்டமா இருந்தா பார்க்காதீங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று முழுதும் தர்க்கம். அன்று வாயில் வராத பதில்களை இப்போது எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். எழுதிப் பிழைப்பவனுக்கு இருக்கும் ஒரே சௌகரியம் அதுதான்.

அந்தப் பெரிய மனிதர் பெயர் யாரோமிர் யாகர். பிராகாவுக்கு வடமேற்கே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் கிளாத்னோ என்ற ஊரில் 1972 பிப்ரவரி 15-ல் பிறந்தவர். ஐஸ் ஹாக்கியில் வலப்பக்க விங்கர். ஐஸ் ஹாக்கி நம் வாசகர்களில் பலருக்குப் பழக்கமில்லாதது; ஆகவே இரண்டு வார்த்தை. சுமார் அறுபது மீட்டர் நீளமுள்ள பனித்தளம். பாதத்தில் கத்தி போன்ற தகடு வைத்த ஜோடு. கையில் வளைந்த மட்டை. பந்துக்குப் பதிலாக 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. ஒரு கட்சிக்கு, கோல் காப்பவரையும் சேர்த்து, ஆறு பேர். களத்தில் இறங்கினால் முக்கால் நிமிஷம் பேய் பிடித்த மாதிரி ஓடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் மூச்சுத் தாங்காது. அடுத்த கோஷ்டி இறங்கும். முன்வரிசையில் நடுவே ஒருவர், ஓரங்களில் இருவர். அந்த ஓரத்துக்காரர்கள்தான் விங்கர்கள். பலகைச் சுவரோடு எதிரிகள் வைத்து நசுக்கும்போது, வட்டை இழக்காமல் மூலையிலிருந்து மீட்டுக்கொண்டு வருவது அவர்கள் தொழில்.

அந்தத் தொழிலில் யாகருக்குக் கைகொடுத்தது வேகம் மட்டுமல்ல, அவருடைய பின்பக்கமும்தான். சிரிக்க வேண்டாம். ஆறடி மூன்று அங்குல உடம்பைக் குனிந்து வளைத்து, எதிரிக்கு முதுகைக் காட்டி, நீண்ட கைகளால் வட்டை எட்டத்தில் வைத்துக்கொண்டு அவர் நின்றுவிட்டால், இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகர மாட்டார். அந்தத் தொடைகள் சும்மா வந்தவை அல்ல. சின்னப் பையனாக இருந்தபோதே தினம் ஆயிரம் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழுந்தவர். நாற்பது வயதுக்கு மேல், மற்றவர்கள் தூங்கப் போன பிறகு, எடை கட்டிய சட்டையோடு ராத்திரியில் தனியாகப் பனித்தளத்தில் பயிற்சி செய்தவர்.

இனி நண்பரின் கட்சிக்கு வருகிறேன். 'உச்சியில் இருக்கும்போதே விலக வேண்டும்' என்பது அவர் வாதம். கேட்க மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் உச்சி எது?

2001-ம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாகருக்கு அப்போது 29 வயது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணிக்குப் பதினோரு பருவங்கள் ஆடி முடித்திருந்தார். 1991-லும் 1992-லும் ஸ்டான்லி கோப்பை. அதிகப் புள்ளி எடுப்பவருக்கு லீகில் கொடுக்கும் பரிசை ஐந்து தடவை வாங்கியாயிற்று. அதில் நான்கு தொடர்ச்சியாக. 1998-ல் நாகனோ ஒலிம்பிக்கில் செக் அணி தங்கம் வாங்கியபோது அவரும் இருந்தார். கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 1,079 புள்ளிகள். அந்த வருஷம் வாஷிங்டன் அணிக்கு மாற்றினார்கள். ஏழு வருஷத்துக்கு ஏழே முக்கால் கோடி டாலர் அளவில் ஒப்பந்தம். அங்கே சோபிக்கவில்லை. எதிர்பார்த்தது வராததால் 2004 ஜனவரியில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். 'முற்றும்' போட இதைவிடத் தோதான இடம் எது? எத்தனையோ பேர் போட்டும் விட்டார்கள்.

ஆனால் ஆசாமி படிக்கவில்லை போலிருக்கிறது. 2005-ல் வியன்னாவில், விரல் உடைந்த நிலையில் ஆடி, உலகச் சாம்பியன் அணியில் இருந்தார். அடுத்த பருவத்தில் நியூயார்க்குக்காக 54 கோல், 123 புள்ளி.

2008-ல் வேறு ஒரு 'முற்றும்'. கணக்கு 1,599 புள்ளிகளில் நின்றது. சைபீரியாவில் ஓம்ஸ்க் நகர அணிக்கு ஆடப் போய்விட்டார். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ஓம்ஸ்க் என்றால் பரலோகம். அங்கே போனவரைப் பற்றி இறந்தவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்கள். மூன்று வருஷம் கழித்து, 39 வயதில், திரும்பி வந்தார். பிலடெல்பியா, டல்லஸ், பாஸ்டன், நியூ ஜெர்ஸி, புளோரிடா, கால்கரி என்று ஊர் ஊராக, நாடகக் கம்பெனி போல. பழைய பிட்ஸ்பர்க் ரசிகர்கள் எதிரணியில் அவரைக் கண்டதும் ஊளையிட்டார்கள். புளோரிடாவில் 2015-16 பருவத்தில், 43 வயதில் தொடங்கி 44 வயதில் முடித்த ஆட்டங்களில், 66 புள்ளி எடுத்து அந்த அணியிலேயே முதல்வராக நின்றார். சக ஆட்டக்காரர்களில் சிலர் அவர் முதல் கோப்பையை வாங்கிய பிறகு பிறந்தவர்கள். 2016 டிசம்பர் 22-ல் லீகின் சரித்திரத்தில் மொத்தப் புள்ளிகளில் இரண்டாம் இடத்துக்கு வந்தார். கடைசிக் கணக்கு: 1,733 ஆட்டம், 766 கோல், 1,921 புள்ளி. அவருக்கு மேலே வேன் கிரெட்ஸ்கி ஒருவர்தான்.

2001-ல் நம் நண்பர் பேச்சைக் கேட்டிருந்தால் 842 புள்ளிகள் இல்லை. 2008-ல் கேட்டிருந்தால் 120 கோல்கள் இல்லை. இந்தக் கூட்டல் கழித்தலை நண்பரிடம் சொன்னபோது, "அது சரி சார், ஆனா 2018-க்கு அப்புறம்?" என்றார். கெட்டிக்காரர், தோற்ற இடத்தை விட்டு நகர்ந்து உட்காரத் தெரிந்தவர்.

நானும் நகர்கிறேன். ஏனென்றால் புள்ளிக் கணக்கை வைத்து இந்த வழக்கை ஜெயிப்பதில் எனக்கே திருப்தி இல்லை. பின்னால் நிறைய கோல் போட்டார், ஆகவே தொடர்ந்தது சரி என்றால், போடாதவன் தொடர்ந்தது தப்பு என்றாகிவிடும். என் கட்சி அதுவல்ல.

உண்மையில் குற்றவாளிகள் நாங்கள்தான், நாவலாசிரியர்கள். ஒரு வாழ்க்கைக்கு நடு, உச்சம், முடிவு என்று மூன்று பாகம் உண்டு என்று வாசகர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? தாலி கட்டியதும் கதையை முடித்துவிடுகிறோம். மறுநாள் காலையில் பால்காரனுக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்பதை எழுதுவதில்லை. வீரன் வெற்றி பெற்ற அத்தியாயத்தின் கீழே 'முற்றும்' என்று அச்சாகிவிடுகிறது. நாற்பது வாரம் தொடர்கதை எழுதியவனுக்கு அந்த வார்த்தையை எழுதும்போது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எழுதுகிறவனுடைய நிம்மதி. கதாநாயகனுக்கு அதில் பங்கு கிடையாது. இந்தப் பழக்கத்தைக் காகிதத்தோடு நிறுத்தாமல், ரத்தமும் சதையுமாக இருக்கிற மனிதர்கள் மேலும் போட்டுப் பார்க்கிறோம். எங்கள் மனத்தில் இருக்கும் அழகான சித்திரம் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக அந்த மனுஷர் தம் தொழிலை விட வேண்டும்! இதற்குக் கௌரவம் என்று பெயர்.

நண்பர் விசாரிக்க மறந்தது ஒன்று உண்டு. இந்த யாகர் எந்த நாட்டிலிருந்து வந்தவர்? அந்த நாட்டில் ஹாக்கி ஆட்டக்காரனுக்கு 'முற்றும்' போட்டது யார், எப்படி?

1947-லும் 1949-லும் செக்கோஸ்லோவாக்கியா உலகச் சாம்பியன். 1950 மார்ச்சில் அந்த அணி லண்டன் உலகப் போட்டிக்குப் புறப்பட விமான நிலையத்தில் காத்திருந்தபோது பயணம் ரத்து என்று சொல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 13-ம் தேதி, ஆட்டக்காரர்கள் பிராகாவில் ஒரு மதுக்கடையில் கூடி, குடித்து, ஆத்திரத்தில் அரசாங்கத்தைத் திட்டினார்கள். ரகசியப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று. அக்டோபரில் விசாரணை. ராஜத்துரோகம், ஒற்று. கோல் காப்பவர் போஹுமில் மோத்ரிக்கு 15 வருஷம். முன்வரிசை ஆட்டக்காரர் புப்னீக்குக்கு 14 வருஷம். யுரேனியச் சுரங்கங்களில் வேலை. 1955-ல் விடுதலை செய்தார்கள். மோத்ரி 1963-ல் 46 வயதில் இறந்துபோனார். புப்னீக் கைதானபோது அவருக்கு 21 வயதுதான். உச்சியில் நிறுத்தியாயிற்று அல்லவா?

பிறகு வந்தவர்களுக்கு இன்னொரு விதம். 1974-ல் நெதோமான்ஸ்கி வெளிநாடு போனவர் திரும்பவில்லை. 1980-ல் ஸ்தாஸ்தனி சகோதரர்களில் இருவர் இன்ஸ்புருக்கிலிருந்து கனடாவுக்குத் தப்பினார்கள். போகலாம், ஆனால் அந்த வாசல் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். தாயாரைப் பார்க்க வர முடியாது. சொந்த ஊர் அணியின் சட்டையை மறுபடி போட முடியாது. பிறந்த நாட்டில் ஒரு மனிதனுடைய ஆட்டத்துக்கு அன்றோடு முற்றும்.

இதில் யாகருடைய சமவயதுக்காரர் கதை ஒன்று உண்டு. பீட்டர் நெத்வெத் என்ற பையன் 1989 ஜனவரியில், 17 வயதில், கால்கரியில் நடந்த சிறுவர் போட்டிக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதே வருஷம் நவம்பரில் பிராகாவில் ஆட்சி கவிழ்ந்தது. இன்னும் பத்து மாதம் பொறுத்திருந்தால் அவன் திருடன் மாதிரி ஓட வேண்டியதே இல்லை. ஆனால் 17 வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? 1990 ஜூனில் வான்கூவரில் லீகின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தன. இரண்டாவதாக எடுக்கப்பட்டவன் நெத்வெத். ஐந்தாவது யாகர். ஒருவன் தப்பி வந்தவன். மற்றவன் பாஸ்போர்ட்டோடு, பெற்றோர் சம்மதத்தோடு, நாட்டைத் துறக்காமல் அந்த மண்டபத்துக்கு வந்த முதல் செக்கோஸ்லோவாக்கியன். நடுவில் பதினேழே மாதம்.

யாகர் முதுகில் 68 இருப்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அவருடைய பாட்டனார் குடியானவர். பொதுவுடைமை அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. அவர் மறுத்ததால் சிறை. 1968-ல் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் வந்தன. பேரனுக்கு இந்த இரண்டும் ஒரே எண்ணாகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் புத்தகத்துக்குள் அமெரிக்க ஜனாதிபதி ரீகனுடைய படத்தை ஒளித்து வைத்திருந்த பையன் அவன். ரீகன்மேல் எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு படத்தை ஒளித்துத்தான் வைத்திருக்க வேண்டும் என்ற நிலைமை எனக்குப் புரிகிறது.

பிட்ஸ்பர்க்கில் முதல் குளிர்காலத்தில் பையனுக்கு வீட்டு ஞாபகம். இங்கிலீஷ் தெரியாது. பேச ஆள் இல்லை. அந்த அணிக்காரர்கள் 1990 டிசம்பரில் கால்கரியிலிருந்து யிர்ஷி ஹ்ர்தினா என்ற மூத்த செக் ஆட்டக்காரரை வாங்கினார்கள். பையனுக்குத் தன் பாஷையில் பேச ஒருவர் கிடைத்தார். இதைப் படித்தபோது அந்த அணி நிர்வாகத்தின்மேல் எனக்கு மரியாதை வந்தது. அணித்தலைவர் மரியோ லெமியூ. யாரோமிர் என்ற பெயரின் ரோமன் எழுத்துக்களை மாற்றி அடுக்கினால் 'மரியோ ஜூனியர்' என்று வரும் என்று ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். ஜோசியம் அங்கேயும் இருக்கிறது.

ஆக, வெளிப்படையாகப் போனவர். நான் சொல்ல வருவது, வெளிப்படையாகத் திரும்பியும் வந்தவர் என்பதைத்தான். 1994-லும் 2004-லும் 2012-லும் சம்பளத் தகராறில் அமெரிக்க லீக் கதவடைப்பு செய்தபோதெல்லாம் கிளாத்னோவுக்கு ஓடிவந்து ஆடினார். 2018 ஜனவரியில், கால்கரி அணி காயம்பட்ட 45 வயதுக்காரரை வேண்டாம் என்று அனுப்பியபோது, திரும்பி வந்த இடமும் கிளாத்னோதான். அப்போது அந்த அணி நாட்டின் இரண்டாம் பிரிவில் கிடந்தது. நண்பர் இதைச் சரிவு என்கிறார். மோத்ரிக்கும் நெதோமான்ஸ்கிக்கும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது என்பதை அவர் பார்க்க மறுக்கிறார். தொடங்கிய தளத்திலேயே, தானாக இஷ்டப்பட்டு, தனக்குத் தோன்றிய காலம் வரை ஆடுவது. அந்த நாட்டில் நாற்பது வருஷம் அது யாருக்கும் இல்லாத சொத்து.

கிளாத்னோ அப்படி என்ன பிரமாதமான ஊர்? ஒன்றுமில்லை. நிலக்கரி, எஃகு. 'போல்டி' என்ற பெரிய எஃகு ஆலை அங்கே இருந்தது. 1889-ல் கார்ல் விட்கென்ஸ்டைன் என்ற முதலாளி ஆரம்பித்து, மனைவி லியோபோல்டீனின் செல்லப் பெயரை வைத்தார். தத்துவ ஞானி விட்கென்ஸ்டைனின் தாயார்தான் அந்த அம்மாள். எஃகில் குத்திய முத்திரையும் ஒரு பெண் முகமே. ஹாக்கி சங்கமும் நெடுங்காலம் அந்த ஆலையின் பெயரைத்தான் சுமந்தது. 1988-ல் 16 வயது யாகர் பெரியவர்களின் அணியில் முதலில் இறங்கியது அந்தப் பெயரில்தான். ஆலையின் பணத்தில் ஆட்டம் நடந்தது. 1990-களில் தனியார் கைக்குப் போன போல்டி நொடித்து விழுந்தது. பெரிய ஆலை விழுந்த ஊரில் ஹாக்கி சங்கம் எத்தனை நாள் நிற்கும்?

2011-ல் சங்கத்தின் பெரும்பங்கை யாகர் ஏற்றுக்கொண்டார். நண்பரின் மிகக் காரமான குற்றச்சாட்டு இங்கேதான் வருகிறது. "தானே முதலாளி, தானே ஆட்டக்காரர். யார் சார் அவரை அணியிலிருந்து நீக்க முடியும்? ஒரு சின்னப் பையனோட இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

இதில் பாதி வாஸ்தவம், ஒப்புக்கொள்கிறேன். தன்னைத்தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிற அதிகாரம் யாருக்கும் நல்லதல்ல. ஐம்பது வயதுக்கு மேல் அவர் களத்தில் இருந்த பல முக்கால் நிமிஷங்களில் எதிரணிக்குத்தான் லாபம் என்பதும் படத்தைப் பார்த்த எனக்கே தெரிந்தது. வேகம் போய்விட்டது. அதை மறைப்பானேன்?

ஆனால் அந்த மற்றப் பாதி? தாம் ஆடுவதை நிறுத்தினால் விளம்பரப் பணம் தருகிறவர்கள் போய்விடுவார்கள் என்று யாகரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்க்க வெளியூர்களில்கூட மைதானம் நிறைந்தது. பணம் தந்தவன் கிளாத்னோவுக்குத் தரவில்லை, 68-க்குத் தந்தான். அந்தப் பணத்தில்தான் நண்பர் கண்ணீர் விடுகிற அந்தச் சின்னப் பையன்களுக்குச் சம்பளம். கிழவர் எழுந்து போனால் பையனுக்கு இடம் கிடைக்கும் என்கிறார். எந்த அணியில் இடம் என்று கேட்டால் பதில் இல்லை. 2019-ல், 47 வயதில், மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான தொடரில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டு ஊர் அணியை மேலே ஏற்றினார். மறுவருஷம் அணி மறுபடி கீழே விழுந்தது. 2021-ல் மறுபடி ஏறியது. நாவலாக எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் "ஒரே மாதிரி வருகிறதே, குறைத்துவிடுங்கள்" என்பார். வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

2022-ல் அவருடைய தகப்பனார் காலமானார். அவர் பெயரும் யாரோமிர்தான். பாட்டனாருக்கும் அதே பெயர். அந்தத் தகப்பனார்தான் பையனை வளர்த்து ஆளாக்கிப் பனித்தளத்தில் இறக்கியவர். அதற்குப் பிறகும் மகன் ஆடினார். ஏன் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. நாவலாசிரியன் புத்தியை அந்த இடத்தில் அடக்கிக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது. 2008 அக்டோபர் 13. மாஸ்கோவுக்கு அருகே செக்கவ் நகரில் ஓம்ஸ்க் அணிக்கு ஓர் ஆட்டம். யாகரோடு ஒரே வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவன் அலெக்ஸெய் செரெபானவ், 19 வயது. நியூயார்க் அணி ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்த பையன். ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருந்தபோது, முறை முடிந்து பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். இதயம். அன்றே இறந்துவிட்டான். அப்போது யாகருக்கு 36 வயது. பையனுடைய இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

உச்சிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோன அந்த ஆட்டத்தை, பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். அதற்கு அப்புறமும் அவரிடம் போய், "பார்க்க லட்சணமாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. நண்பருக்கு எழுமானால், அவர் என்னைவிடத் தைரியசாலி.

2014-ல் சோச்சி ஒலிம்பிக்கில் செக் அணிப் பட்டியலைப் பாருங்கள். யாகர், 42 வயது. அதே அணியில் நெத்வெத், அவருக்கும் 42. பையனாக ஓடிப்போய், 1994-ல் கனடாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி வாங்கியவர். இருபது வருஷம் கழித்துப் பிறந்த நாட்டின் சட்டையில். வான்கூவரில் இரண்டாவதாகவும் ஐந்தாவதாகவும் கூப்பிடப்பட்ட அந்த இரண்டு பையன்களும் நரைத்த தலையோடு ஒரே அணியில். பத்திரிகைகளில் 'கிழடுகளை ஏன் எடுத்தார்கள்' என்ற பேச்சு அப்போதும் இருந்தது. அணி பதக்கம் வாங்கவில்லை என்பதும் உண்மை. நண்பர் இதை எனக்கு எதிராகவே பயன்படுத்துவார். பயன்படுத்தட்டும். 1989-ல் ஓடிய பையன் 25 வருஷம் கழித்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டதற்கு ஒரு பதக்கத்தை விலையாகக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பதக்கம் இழந்த மற்ற ஆட்டக்காரர்கள் வேறு விதமாக நினைத்திருக்கலாம்; அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

2024 பிப்ரவரி 18-ல் பிட்ஸ்பர்க்கில் விழா. 52 வயது முடிந்து மூன்று நாள். அந்த அணியில் இனி யாரும் 68 போடக் கூடாது என்று அந்த எண்ணை மைதானத்துக் கூரையில் ஏற்றினார்கள். ஊளையிட்ட அதே ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அன்றைய ஆட்டத்துக்கு முன் பயிற்சியில், அணிப் பையன்கள் எல்லோரும் 68 எண் போட்ட சட்டையில் சுற்ற, அவரும் அவர்களோடு சறுக்கினார்.

"பாத்தீங்களா சார், எவ்வளவு அழகான முடிவு! அந்த ராத்திரி நிறுத்தியிருக்கலாமே" என்றார் நண்பர். அவர் கண்ணில் நிஜமாகவே நீர். நல்ல ரசிகர்; மனசில் கல்மிஷம் கிடையாது.

நிறுத்தவில்லை. விமானம் ஏறிக் கிளாத்னோவுக்குப் போய்விட்டார். அங்கே பருவம் இன்னும் முடியவில்லை. அணி கடைசி இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது.

நண்பர் இதற்கு மறுப்பு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும், ஆசிரியர் போடுவார். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதட்டும், நான் படிக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லப் போவதில்லை.